'சரிபார்ப்பு' இல்லை, செல்லுபடியாக்கம்

வெளிநாட்டு விமானி உரிமம் பற்றிய எந்தத் தமிழ்க் குறிப்பை எடுத்தாலும் 'வேலிடேஷன்' என்பதற்குச் 'சரிபார்ப்பு' என்று போட்டிருக்கிறார்கள். கணினிப் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சோதிக்க அந்தச் சொல் போதும். வான்போக்குவரத்துச் சட்டத்தில் அது வேறு வேலையின் பெயர்.

'வேலிடேஷன்' என்பதன் மூலம் லத்தீன் 'வலிதுஸ்', வலிமையுள்ளது. வேர் ஆராய்ச்சி அவ்வளவு போதும்.

சர்வதேச வான்போக்குவரத்துக்கான 1944 சிகாகோ உடன்படிக்கையின் 32ஆம் பிரிவைப் பாருங்கள். நாடு விட்டு நாடு பறக்கும் விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு வழங்கிய உரிமமோ, அந்த நாடு செல்லும் என ஆக்கிய உரிமமோ விமானியிடம் இருக்க வேண்டும். உரிமம் போலியா, நடப்பில் உள்ளதா என்று வழங்கிய நாட்டிடம் கேட்டறிவதுதான் சரிபார்ப்பு. அது முடிந்தாலும் பறக்கும் உரிமை வந்துவிடாது. பதிவு நாடு அதற்குத் தன் அதிகாரத்தைத் தர வேண்டும்; அதுதான் செல்லுபடியாக்கம். 'சரிபார்த்தாயிற்று' என்று படிக்கிற விமானி கிளம்பிவிட மாட்டாரா?

'வலிதாக்கம்' என்பார்கள் சிலர். இலங்கைச் சட்டத் தமிழில் 'வலிதான' என்ற ஆட்சி உண்டு; லத்தீனோடு ஒலியும் பொருளும் ஒத்துப்போவதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. சரி, ஆனால் வலிமைக்கு எல்லை தெரியாது. 'செல்' அப்படியில்லை, காசைப் போல, எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கப் பதிவு விமானத்தைப் பிரிட்டனுக்குள் பிரிட்டிஷ் உரிமத்தோடு ஓட்ட அமெரிக்க விதி இடம் தருகிறது. அதே விமானத்தில் கடல் தாண்டிப் பிரான்சுக்குப் போனால் அந்தச் சலுகை கிடையாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் உரிமங்கள் ஐரோப்பிய ஒன்றிய உரிமங்களாக இல்லாமல் போயின. தேதிப்படி எதுவும் காலாவதியாகவில்லை; ஆனால் பிரெஞ்சுப் பதிவு விமானத்துக்கு அந்த உரிமம் மட்டும் போதாது. செல்லுபடி என்றாலே தேதிதான் என்று எழுதுகிறவர்களுக்கு இது பிடிபடுவதே இல்லை.

இதைவிட மோசம், வேலிடேஷனை 'உரிம மாற்றம்' என்பது. அது 'கன்வெர்ஷன்': பழையதைக் காட்டித் தேவையான தேர்வுகளை முடித்து, அந்த நாட்டின் உரிமத்தையே தனியாகப் பெறுவது. செல்லுபடியாக்கம் அடி உரிமத்தின், அதாவது ஏற்கெனவே கையிலுள்ள வெளிநாட்டு உரிமத்தின், மேல் நிற்பது. அடி உரிமம் போனால் இதுவும் போகும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, விதிகள் குழப்பமாக இருக்கின்றன என்று மொழிபெயர்ப்பாளரே அடிக்குறிப்பும் எழுதுகிறார்!