'விட்டுவிட்டேன்' என்ற சாட்சிக்குப் பிறகு

சபையில் சாட்சி நேரத்தில் அடிக்கடி கேட்கிறோம்: "ஆண்டவர் என்னை இதிலிருந்து விடுவித்தார்." குடி, புகை, சூதாட்டம், கைப்பேசியில் ஆபாசம் என்று ஏதோ ஒன்றை விட்டதைச் சொல்வார்கள். அந்தச் சந்தோஷம் உண்மையானது. ஆனால் குடும்ப ஆலோசகராக இருக்கும் என்னிடம் அந்தக் குடும்பங்கள் வருவது, பெரும்பாலும் அந்தச் சாட்சிக்குச் சில மாதங்கள் கழித்துத்தான்.

கொத்தனார் ஒருவரின் மனைவி சொன்னதைக் கேளுங்கள். (விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "குடிக்கிறதில்லை சிஸ்டர். ஆனா முன்னாடி குடிச்சிட்டு வந்து தூங்கிடுவார். இப்ப ராத்திரி முழுக்கச் சண்டை." கணவர் உண்மையாகவே குடியை விட்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வந்ததிலிருந்து படுக்கப் போகிறவரைக்கும் இருந்த நேரம் மட்டும் அப்படியே காலியாகக் கிடந்தது. பழைய கூட்டாளிகளை விட்டுவிட்டார், புதிதாக யாரும் இல்லை. இத்தனை வருடம் போதையில் அமுங்கிக் கிடந்த கசப்பெல்லாம் வீட்டில் வெடித்தது.

மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் வீடு இதுதான். அசுத்த ஆவி புறப்பட்டுப் போகிறது. திரும்பி வந்து பார்த்தால் வீடு பெருக்கி, ஜோடிக்கப்பட்டு, வெறுமையாக இருக்கிறது. தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. அந்த வீட்டில் சுத்தத்துக்குக் குறைவில்லை. யாரும் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

எபேசியர் 4-ஆம் அதிகாரத்தில் பவுல் இதற்கு வழி சொல்கிறார். பொய்யைக் களைந்தவன் பிறனோடு மெய்யைப் பேச வேண்டும். கெட்ட வார்த்தை இருந்த வாயில், கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமான வார்த்தை வர வேண்டும். கசப்பும் கோபமும் நீங்கிய இடத்துக்குத் தயவும் மன்னிப்பும் வர வேண்டும். திருடனைப் பற்றிய 28-ஆம் வசனம் எனக்கு மிகவும் முக்கியமானது. இனித் திருடாதே என்பதோடு பவுல் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் தன் கைகளால் உழைக்க வேண்டும், அதுவும் குறைச்சலுள்ளவனுக்குக் கொடுப்பதற்காக உழைக்க வேண்டும் என்கிறார். எடுத்துப் பழகிய கைக்குக் கொடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்.

ஒவ்வொரு பாவத்துக்கும் எதிரே அதற்கென்று ஒரு குணம் இருப்பதைக் கவனியுங்கள். நாமோ எல்லாவற்றுக்கும் "ஜெபம் பண்ணுங்க, வேதம் வாசிங்க" என்று ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். இரண்டும் கட்டாயம் வேண்டும். ஆனால் மனைவியைச் சொல்லால் குத்துகிறவர் கூடுதலாக மூன்று அதிகாரம் வாசித்தார் என்பதற்காக அந்தப் பேச்சு மாறிவிடாது. குத்திய நாக்கு அதே மனைவியிடம், அதே நேரத்தில், வேறுவிதமாகப் பேசிப் பழக வேண்டும்.

நடத்தை உளவியலும் இதையொட்டியே பேசுகிறது. நகம் கடிப்பது போன்ற பழக்கங்களுக்கு 1973-இல் அஸ்ரின், நன் என்ற இருவர் ஒரு சிகிச்சை முறையை வெளியிட்டார்கள். கடிக்கத் தோன்றும்போது அதே கையை வேறொரு செயலில் ஈடுபடுத்துவது அதன் முக்கியமான பகுதி. புதிய பழக்கம் படிய எவ்வளவு நாளாகும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் கண்டார்கள். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்ற நீதிமொழிகள் 24:16-ஐ, ஒருமுறை சறுக்கியதால் சபைக்கு வரவே வெட்கப்படுகிறவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுவது உண்டு.

கொத்தனாருக்கு வருவோம். சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து, கூலியை மனைவி கையில் கொடுத்து, இருவருமாகச் சந்தைக்குப் போவது என்று முடிவு செய்தோம். குடிக்காக வாங்கிய கைமாற்றை வாரா வாரம் கொஞ்சமாக அடைப்பது அடுத்தது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். இவர் வாங்கியதை அடைத்தாலே வீட்டில் நம்பிக்கை திரும்பும். முதலில் அவர், "இதெல்லாம் நடிப்பு மாதிரி இருக்கு" என்றார். பழகாத எதுவும் அப்படித்தான் இருக்கும். இது கிருபைக்கு விரோதமான சுயமுயற்சி என்று நினைக்கிறவர்களும் உண்டு. கிருபை நம்மைப் போதித்து வளர்க்கிறது என்றுதான் தீத்து 2 சொல்கிறது. போதிக்கப்படுகிறவன் பழகத்தான் வேண்டும்.

பெண்கள் கூடும் ஜெபக் குழுக்களில் வேறொன்றைப் பார்க்கிறேன். "அவங்க மகளுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று தொடங்கி, அந்த வீட்டுக் கதை முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. புறங்கூறுதலை விட விரும்பிய ஒரு சகோதரியிடம், யாரைப் பற்றிப் பேசத் தோன்றுகிறதோ அந்த வீட்டுக்கே போய், என்ன உதவி வேண்டும் என்று கேட்டுவரச் சொன்னேன். நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு அவர்களைப் பற்றி வெளியே பேச மனம் வரவில்லை என்றார்.

ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் சில நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். இதைப் பிசாசின் போராட்டம் என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், ஜெபத்தை அங்கேயும் செய்யலாம். முடிந்தால் நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருவர் சாட்சி சொல்லி முடித்ததும், "அந்த நேரத்தில் இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று தனியாக விசாரியுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு வேலை கொடுங்கள்: சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தைப் பெருக்குவது, நாற்காலி போடுவது, ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பது. கூடவே ஒரு மூத்த சகோதரர் இருக்கட்டும். காணிக்கை எண்ணும் பொறுப்பையும் மேடையையும் கொஞ்ச காலம் கழித்துக் கொடுக்கலாம்.