மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரால் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது முப்பது இருக்கும். காதில் யாரோ பேசுவதாகச் சொல்லத் தொடங்குகிறார். கொஞ்ச நாளில், பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கொல்லப் பார்க்கிறார் என்று உறுதியாக நம்பிவிடுகிறார். வீட்டார் நாகர்கோவிலில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மூன்று வாரத்தில் தெளிந்து வீட்டுக்கு வருகிறார். ஒரு மாதம் மாத்திரை ஒழுங்காகப் போகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. ஒரு விடியற்காலையில் அதே பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிவிடுகிறார். ஊரில் முதலில் கேட்கும் கேள்வி, "ஆஸ்பத்திரிக்காரங்க இவரை எதுக்கு வெளிய விட்டாங்க?" என்பதுதான்.

நியாயமான கேள்வி. அதற்குச் சட்டத்தில் என்ன பதில் இருக்கிறது என்று வெட்டுப்பட்டவர் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும், வெட்டியவர் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வீட்டாருமே பெரும்பாலும் தவறான ஆளைத் துரத்தி, சரியான காலக்கெடுவை விட்டுவிடுகிறார்கள்.

முன்னதாக ஒன்று சொல்லியாக வேண்டும். மனநலம் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதே இல்லை. அவர்கள் அடி வாங்குவதும் ஏமாற்றப்படுவதும்தான் அதிகம். இந்தக் கட்டுரை அரிதாக நடக்கும் சம்பவங்களைப் பற்றியது. இதைப் படித்துவிட்டு, சிகிச்சை முடிந்து வந்த ஒருவரைத் தெருவில் கண்டு யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

இப்போது நடப்பில் இருப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. 1987-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, 2018-இல் நடைமுறைக்கு வந்தது. வீடு திரும்பியவர் யாருக்காவது தீங்கு செய்தால் மருத்துவமனை நட்டஈடு தர வேண்டும் என்று ஒரு பிரிவும் இதில் இல்லை. அதனால் மருத்துவமனைக்குத் தானாக வந்து சேரும் பொறுப்பு எதுவும் கிடையாது. ஆனால் டிஸ்சார்ஜ் செய்த விதத்தில் கவனக்குறைவு இருந்தது என்றும், அந்தக் கவனக்குறைவால்தான் தீங்கு நேர்ந்தது என்றும் காட்ட முடிந்தால் பொது மருத்துவ அலட்சியச் சட்டப்படி பொறுப்பு வரும். வழக்கு முழுவதும் இந்த இரண்டைச் சுற்றித்தான் நடக்கும். பின்னால் என்ன நடந்தது என்பதை வைத்து மருத்துவரை அளக்க மாட்டார்கள். அந்த நாளில், கையில் இருந்த தகவலை வைத்து, அதே துறையில் நிதானமான திறமையுள்ள ஒரு மருத்துவர் என்ன செய்திருப்பாரோ அதை இவர் செய்தாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அளவுகோல் இது.

எப்படிச் சேர்ந்தார் என்பதைப் பொறுத்துத்தான் எப்படி வெளியே வரலாம் என்பது. பதினெட்டு வயது நிறைந்தவர் தானாகவே சேர்ந்திருந்தால், அவர் போகிறேன் என்று கேட்டால் அனுப்பியாக வேண்டும். 88-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: தன் முடிவின் தன்மையைப் புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருக்கிறார், அண்மையில் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் பார்த்தார், பிறரிடம் வன்முறையாக நடந்தார் அல்லது பிறர் அஞ்சும்படி நடந்தார் என்பது போன்ற நிலைமை இருந்தால் 24 மணி நேரம் நிறுத்தி வைத்து மதிப்பீடு செய்யலாம். அவ்வளவுதான். அதற்குள் 89-ஆம் பிரிவின்படி சேர்க்க முகாந்திரம் இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டும்.

தானாகச் சேராதவரைச் சேர்ப்பதற்கான அந்த 89-ஆம் பிரிவுதான் நம் பால்வெட்டுக்காரருக்குப் பொருந்துவது. அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது தன் சார்பில் பேச அவர் நியமித்த ஆள், விண்ணப்பம் கொடுக்க வேண்டும். யாரையும் அவர் நியமித்து எழுதி வைக்கவில்லை என்றால் உறவினர் அந்த இடத்துக்கு வருவார். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியே பார்த்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். அதிகபட்சம் 30 நாள். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாளுக்குள். முப்பது நாளுக்கு மேல் வேண்டுமானால் 90-ஆம் பிரிவு: இரண்டு மனநல மருத்துவர்கள் பார்க்க வேண்டும், வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், முதல் தடவை 90 நாள், அடுத்து 120, அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 180 நாள் வரை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே வச்சிருக்கலாமே" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சேர்ப்பதற்கான காரணம் தீர்ந்த பிறகு ஒருவரை வைத்திருப்பது சட்டப்படி தவறு. வீட்டார் ஏற்கவில்லை, வீடே இல்லை என்பதற்காகக்கூட ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். பயத்தை மட்டும் வைத்து மனிதர்களை அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று அந்தக் காலை காட்டிவிட்டது. இன்றைய சட்டத்தின் 95-ஆம் பிரிவு, எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை செய்கிறது. இந்தப் பாதுகாப்பை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வெட்டுப்பட்ட குடும்பத்தின் வலியை மதிக்கிற யாரும் இதைக் கைவிடத் தேவையில்லை.

டிஸ்சார்ஜ் அன்று நடக்க வேண்டியது

மருத்துவமனையின் பொறுப்பு உண்மையில் தங்கியிருப்பது 98-ஆம் பிரிவில். அனுப்பும் முன் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் நோயாளியிடமும், நியமனப் பிரதிநிதியிடமும், அவர் போய்த் தங்கப்போகும் வீட்டாரிடமும், இனிமேல் பார்க்கப்போகும் மருத்துவரிடமும் கலந்து பேச வேண்டும். இனி சிகிச்சை எப்படித் தொடரும் என்று ஒரு திட்டம் உருவாகியிருக்க வேண்டும். எல்லா டிஸ்சார்ஜுக்கும் இது பொருந்தும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நடைமுறையில் கையில் கிடைப்பது என்ன? பெரும்பாலும் ஒரு பக்கத் தாள். மேலே பெயர், ஐ.பி. எண், சேர்ந்த தேதி, போகும் தேதி. நடுவில் ஆங்கிலத்தில் நோயின் பெயர். கீழே மாத்திரைகள், எதிரே 1-0-1, 0-0-1 என்று எண்கள். கடைசி வரி, இரண்டு வாரம் கழித்து வரவும். பால்வெட்டுக்காரர் சேரும்போது "பக்கத்து வீட்டுக்காரரைக் கொல்வேன் என்கிறார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும். போகும்போது அந்த எண்ணம் போய்விட்டதா, யாராவது கேட்டுப் பார்த்தார்களா என்று ஒரு வரிகூட அந்தத் தாளில் இருக்காது. இந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு வழக்கு வந்தால், மருத்துவர் கவனமாக இருந்தார் என்பதற்கும் இல்லை என்பதற்கும் சாட்சி அந்த வரிதான்.

அதனால் வீட்டார் அங்கேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும். மாத்திரையை யார் கொடுப்பது? ஒரு வாரம் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்? நோய் திரும்பும்போது முதலில் என்ன தெரியும், தூக்கம் போவதா, தனியாகப் பேசுவதா? அப்போது எங்கே கொண்டு வர வேண்டும்? ஊசி போட்டிருந்தால் அடுத்த ஊசி எந்தத் தேதி? தக்கலையிலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தொடர்ந்து பார்ப்பதாக இருந்தால், அந்த மருத்துவருக்கு ஒரு கடிதம் கேளுங்கள். பட்டியலில் உள்ள அத்தியாவசிய மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பெறுவது சட்டப்படி உங்கள் உரிமை.

இன்னொரு தாளும் உண்டு. பணம் தீர்ந்துபோய், அல்லது கோவில் கொடையோ கல்யாணமோ வந்து, மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் வீட்டார் அழைத்துப் போகும்போது, "எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்தால் மருத்துவமனை செய்த அலட்சியம் மறைந்துவிடாது. ஆனால் அதன்பின் "மருத்துவமனைக்காரர்களாகத்தான் அனுப்பினார்கள்" என்று வாதிடுவது மிகக் கடினம். உடல்நிலை மோசமாக இருக்கும்போது அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பணம்தான் பிரச்சினை என்றால் அரசு மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

குடிபோதை மறுவாழ்வு மையங்களுக்கும் இதே சட்டம்தான். மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. பதிவு செய்யாமல் நடத்துவதே குற்றம். முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகாமல் உள்ளே இருக்கும்போதே தப்பிப் போய்த் தீங்கு செய்தால் கேள்வி வேறு. அப்போது அவர் மருத்துவமனையின் கண்காணிப்பில் இருக்கிறார். கதவு, காவல், இரவுப் பணியாளர் எல்லாம் கேள்விக்கு உள்ளாகும்.

பக்கத்து வீட்டுக்காரரை எச்சரிக்க வேண்டாமா?

நோயாளி பெயர் சொல்லி ஒருவரை மிரட்டினால் மருத்துவர் அவரைக் காக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தாராசாஃப் வழக்கில் தீர்ப்பளித்தது. நம் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வாயைக் கட்டிப் போடவும் இல்லை. நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று சொல்லும் அதே 23-ஆம் பிரிவு, பிறரைத் தீங்கிலிருந்து காக்கத் தேவையான அளவுக்கு மட்டும் தகவல் தரலாம் என்று அனுமதிக்கிறது. "ரகசியம், அதனால் சொல்லவில்லை" என்பது எல்லா நேரமும் செல்லாது.

வீட்டுக்கு வந்தபின் நிலைமை மாறுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். 94-ஆம் பிரிவின்படி குழித்துறை போன்ற பக்கத்து அரசு மருத்துவமனையில் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர மனநலச் சிகிச்சை தரலாம். வாகனத்துக்கு 108, ஆலோசனைக்கு டெலி மனஸ் 14416. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போவது காவல் நிலையத்தின் கடமை என்று 100-ஆம் பிரிவு சொல்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. நிலையத்தில் தட்டிக் கழித்தால் இந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வெட்டுப்பட்டவருக்கு என்ன வழி

தான் செய்வது என்ன என்று அறிய முடியாத மனநிலையில் செய்த செயல் குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 84. இந்தக் காரணத்தால் விடுதலையானாலும் அவர் நேரே வீட்டுக்குப் போய்விட மாட்டார். பாதுகாப்பில் வைக்கவோ, பிணை பெற்று உறவினரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடும். இப்படி வந்தவரை மருத்துவமனை தன் விருப்பத்துக்கு அனுப்ப முடியாது. பிணை கொடுத்த உறவினருக்குப் பொறுப்பு உண்டு. அப்படிப் பிணை எதுவும் கொடுக்காத அப்பா அம்மா, வயது வந்த மகன் செய்ததற்காக மட்டும் நட்டஈடு கட்ட வேண்டியதில்லை.

விடுதலை ஆகிவிட்டது, இனி ஒன்றும் கிடைக்காது என்று வெட்டுப்பட்ட குடும்பம் சோர்ந்துபோவதுதான் மிகவும் வருத்தமான விஷயம். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவு, வழக்கு விடுதலையில் முடிந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர நீதிமன்றம் பரிந்துரைக்கலாம் என்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென்றே 2013-இல் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. பணம் தருவது அரசு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுக வேண்டும். பரிந்துரையோ விண்ணப்பமோ வந்த 2 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கை நகல், காயச் சான்று, மருத்துவச் செலவு ரசீதுகள், இறப்பு என்றால் வாரிசுச் சான்று எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

மருத்துவமனையின் மீதே போவது என்றால் சிவில் வழக்கு. இறப்பு நேர்ந்திருந்தால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் வழக்குக்கு 2 மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அரசின் அலட்சியம் வெளிப்படையாகத் தெரிந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கேட்கும் உரிமை வெளியாருக்கு இல்லை. நீதிமன்றத்தின் மூலம்தான் வரவழைக்க முடியும். ஆகவே வழக்கின் தொடக்கத்திலேயே அந்த மனுவையும் போடச் சொல்லுங்கள். மருத்துவர் மீது குற்ற வழக்கு வேண்டும் என்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும். போலீஸ் முதலில் சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்பதும் அதே ஜேக்கப் மேத்யூ தீர்ப்புதான்.

நுகர்வோர் ஆணையம் பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவாது, அவர் மருத்துவமனையின் நுகர்வோர் இல்லை. தவறாக அனுப்பப்பட்ட நோயாளி தன்னையே காயப்படுத்திக்கொண்டால் அவர் குடும்பத்துக்கு அந்த வழி உண்டு. கட்டணம் வாங்கும் மருத்துவமனையாக இருக்க வேண்டும், 2 ஆண்டுக்குள் போக வேண்டும். விளவங்கோடு பக்கத்துக்காரர்கள் பலர் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே உள்ள மருத்துவமனை மீதும், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடம் என்ற முறையில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நாகர்கோவிலிலேயே புகார் கொடுக்கலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், மனநல மருத்துவமனையில் காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. வெட்டுப்பட்டவரின் மனைவிக்கும், வெட்டியவரின் அம்மாவுக்கும்.