இன்ஜின் மாற்றப் போகிறீர்களா? ஸ்பானரை எடுக்கும் முன் பேப்பரை எடுங்கள்

பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் இன்ஜினின் அடிப்படை வார்ப்பான பிளாக்கின் ஓரத்தை அழுத்தித் துடைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஆர்.சி.யைப் பார்த்தார். மறுபடி பிளாக்கைப் பார்த்தார். "இன்ஜின் வேறயா இருக்கே" என்றார். வண்டிக்காரர் ஓய்வுபெற்ற மனிதர். பதினைந்து வருடம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வந்தவர். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு வருடம் ஓட்டியிருக்கிறார். இன்ஜினை மாற்றியது அவருக்கு முன்னால் வைத்திருந்தவர். மாற்றியவர் எங்கேயும் பதியவில்லை. வாங்கும்போது இவரும் பார்க்கவில்லை. பெயர் மாற்றும்போது ஆபீசிலும் எவரும் பானெட்டைத் திறக்கவில்லை. தப்பு செய்தவர் ஒருவர், எட்டு மாதம் அலைந்தவர் இன்னொருவர்.

அந்த மாதிரி அலைந்தவர்கள் பலருக்கு மனு எழுதிக் கொடுத்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. செய்த மாற்றத்தை 14 நாளுக்குள், நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குரிய ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்துக் கட்டணம் கட்டி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 2019 ஜனவரியில் கேரள ஆர்.டி.ஓ. ஒருவர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஐயாயிரத்தைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது பிரிவு 55(5). வண்டியில் பொறித்திருக்கும் இன்ஜின் எண்ணோ சேஸிஸ் எண்ணோ ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். ரத்து செய்யும் முன் நோட்டீஸ் அனுப்பி உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டீஸ் ஆர்.சி.யில் உள்ள முகவரிக்குத்தான் போகும். வீடு மாறி முகவரி மாற்றாமல் இருந்தால், உங்களிடம் விளக்கம் கேட்டதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒரே கம்பெனி, ஒரே வகை

நின்றுபோன இன்ஜினுக்குப் பதில் அதே கம்பெனியின் அதே வகை இன்ஜினைப் போடுவதற்குத்தான் நடைமுறையில் வழி இருக்கிறது. இந்த "அதே வகை" என்ற இரண்டு சொல்லில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். சிசி ஒன்றுதானே என்று மெக்கானிக் சொல்வார், நம்பாதீர்கள். மாருதியின் எஃப்8பி, எஃப்8டி இரண்டுமே 796 சிசிதான். ஒன்றில் ஆறு வால்வு, இன்னொன்றில் பன்னிரண்டு. இரண்டும் வேறு வேறு இன்ஜின். பல கம்பெனிகளில் இன்ஜின் எண்ணின் முதல் எழுத்துகளே வகையைச் சொல்லிவிடும். சிசி ஒன்றாக இருப்பதால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற கணக்கு முதல் பார்வையிலேயே உடையும்.

அதே மாடலின் பெரிய இன்ஜின், டீசல் வண்டிக்குப் பெட்ரோல் இன்ஜின், புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டிக்கு மலிவாகக் கிடைத்த பழைய விதியின் பிஎஸ்-4 இன்ஜின், எதுவுமே "அதே வகை" ஆகாது. கடைசியாகச் சொன்னதில் பலர் ஏமாறுகிறார்கள். போல்ட் எல்லாம் கச்சிதமாக உட்காரும், வண்டியும் ஓடும், பேப்பர் மட்டும் ஓடாது.

இன்னொன்றும் உண்டு. "நான் இன்ஜின் மாத்தலையே, பிளாக் மட்டும்தான் மாத்தினேன்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். இன்ஜின் எண் பொறித்திருப்பது பிளாக்கில்தான். பிளாக் மாறினால் எண் மாறிவிட்டது என்று அர்த்தம். ஹெட், பிஸ்டன், கிராங்க் மாற்றினால், சிலிண்டரைக் குடைந்து போர் போட்டால் எண் மாறாது. பிளாக்கில் விரிசல் விழுந்து அதை மாற்றினால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்ஜினையே மாற்றியவர்.

இந்த இடத்தில் பட்டறையில் ஒரு யோசனை வரும். "பழைய நம்பரையே புது பிளாக்கில் பஞ்ச் பண்ணித் தர்றேன் சார், யாருக்குத் தெரியப் போவுது." கிரைண்டரால் ஒரு தேய்ப்பு, எட்டு பத்து பஞ்ச் அடி, சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். தேய்த்த இரும்பு சுற்றியுள்ள வார்ப்பிலிருந்து தனியாகப் பளபளக்கும், கையால் அடித்த எழுத்து வரிசையில் நிற்காது, ஆழமும் ஒரே மாதிரி இருக்காது. தினமும் நாற்பது பிளாக்கைத் துடைத்துப் பார்க்கிறவருக்கு அது ஒரு நொடி வேலை. பதியாமல் விட்ட குற்றம் அதோடு போலீஸ் கேசாக மாறிவிடும்.

இன்ஜினை விட பில் முக்கியம்

காயலான் கடையில் நல்ல இன்ஜின் கிடைக்கிறது, விலையும் பாதி. தவறில்லை. ஆனால் கையில் கொடுக்கும் சீட்டு என்ன என்று பாருங்கள். "எஸ்டிமேட்" என்று தலையில் அச்சடித்த தாளில் "கார் இன்ஜின் – 1" என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாள் கடலை மடிக்கத்தான் உதவும். ஜி.எஸ்.டி. எண்ணுள்ள முறையான பில், அதில் இன்ஜின் எண் முழுதாக, உங்கள் பெயர், உங்கள் வண்டி எண். இது மூன்றும் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து இறங்கியதோ அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான ஆதாரத்தின் நகலையும் கேளுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்த இன்ஜின் திருட்டு வண்டியுடையதா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் வசதியில் இன்ஜின் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பார்த்த பக்கத்தை அச்செடுத்து பில்லோடு குத்தி வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருளை வாங்கினால் வாங்கியவரையும்தான் விசாரிப்பார்கள். "எனக்குத் தெரியாது" என்று வாயால் சொல்வதற்கும், வாங்கிய தேதிக்கு முன்பே சரிபார்த்த தாளை நீட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கடன் பாக்கியுள்ள வண்டியானால் முதலில் பைனான்ஸ் கம்பெனியின் எழுத்துச் சம்மதம். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், எல்லாம் முடிந்து ஆபீசில் நிற்கும்போது "ஹெச்.பி. (கடன் பதிவு) இருக்கே, என்.ஓ.சி. (ஆட்சேபமில்லாச் சான்று) எங்கே" என்று திருப்பி அனுப்புவார்கள். கிளைக்குப் போனால் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டிருக்கிறோம் என்பார்கள். அதற்குள் 14 நாள் போய்விடும்.

ஆபீசில் என்ன நடக்கும்

வரிசை இதுதான்: முதலில் மனு, பிறகு அனுமதி, பிறகு மாட்டுவது, 14 நாளுக்குள் வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் ஏற்றுவது. மாட்டிவிட்டுப் போய்க் கேட்டால் "யாரைக் கேட்டு மாத்தினீங்க" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் ஆட்கள் புரோக்கரிடம் போகிறார்கள்.

ஆன்லைனில் போட்டால் முதலில் தடுக்கி விழுவது ஓ.டி.பி.யில். ஆர்.சி.யோடு இணைத்திருக்கும் செல் எண் உங்களுடையதாக இருக்காது. ஷோரூம்காரர் போட்ட எண்ணாகவோ பழைய உரிமையாளரின் எண்ணாகவோ இருக்கும். அதை மாற்றாமல் ஒரு அடிகூட நகராது, ஆகவே அதை முதலில் சரிசெய்யுங்கள்.

அடுத்து வாய்மொழி மறுப்பு. "இதெல்லாம் இப்ப பண்றதில்ல", "ஐயா லீவு", "கம்பெனி லெட்டர் வாங்கிட்டு வாங்க", வாங்கிக்கொண்டு போனால் "இந்த லெட்டர் இல்ல". இவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தால் பொறுப்பு வந்துவிடும், வாயால் சொன்னால் வராது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்த எழுத்துதான். பிரிவு 52-இன் கீழ் ஆர்.டி.ஓ. போடும் உத்தரவு உங்களுக்குப் பாதகமாக இருந்தால், பிரிவு 57-இன்படி உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கவுன்ட்டரில் ஒருவர் தலையாட்டி மறுத்ததற்கு எந்த மேல்முறையீடும் கிடையாது.

ஆகவே மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். "இந்தத் தேதியில் கொடுத்த என் மனு இன்று யாருடைய மேசையில் இருக்கிறது, அதன் மேல் என்ன குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது" என்று இரண்டே கேள்வி. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பல நேரம் அந்தப் பதில் வருவதற்கு முன்பே ஆபீசிலிருந்து போன் வந்துவிடுகிறது.

முதலில் சொன்ன பெரியவருக்கும் இப்படித்தான் நகர்ந்தது. பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்து, அவர் பீரோவில் கிடந்த பட்டறை பில்லை வாங்கினோம். எண் முழுதாக இருந்ததால் தப்பித்தார். அந்த பில் கிடைக்கவே அஞ்சு மாதம் ஆனது.

ஆர்.சி. வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் இன்னும் பழைய எண்தான் இருக்கும். புது ஆர்.சி. நகலோடு கம்பெனிக்கு எழுதி, மாற்றிய பாலிசியைக் கையில் வாங்குங்கள். விபத்து நடந்தால் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் குறித்துக்கொள்வது இன்ஜின், சேஸிஸ் எண்களைத்தான். எண் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் அங்கேயே படுத்துவிடும்.

சூப்பர்சார்ஜர் ஆசை

இளைஞர்கள் கேட்பது இதைத்தான். இருக்கிற இன்ஜினை எடுத்துவிட்டு வலுவான ஒன்றைப் போட்டு, அதன் மேல் பெரிய சூப்பர்சார்ஜரும் மாட்டினால் எப்படிப் பதிவது? பதிய முடியாது. கிராங்கிலிருந்து பெல்ட் ஓட்டிக் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி அது. காற்று கூடினால் எரிபொருள் கூடும், சக்தி கூடும், புகையின் கணக்கும் மாறும். உங்கள் மாடல் சோதிக்கப்பட்டு ஒப்புதல் வாங்கியது அது இல்லாத இன்ஜினோடு. பிரிவு 52 கன்வர்ஷன் கிட்டுக்கு விலக்கு தருவது உண்மைதான். அந்த விலக்கு சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி என்று எரிபொருளை மாற்றுவதற்கு. வேகத்தைக் கூட்டுவதற்கு இல்லை.

"ஆர்.சி.யில் சூப்பர்சார்ஜருக்கு என்று ஒரு கட்டமே இல்லையே, அப்புறம் எப்படித் தப்பு" என்று ஒரு தம்பி கேட்டார். கட்டம் இல்லை என்பதற்கு அர்த்தம் அனுமதி தேவையில்லை என்பதல்ல தம்பி, அனுமதி கேட்கவே இடமில்லை என்பதுதான். "ஆர்.சி.யில் ஏத்தித் தர்றோம்" என்று பணம் வாங்கும் கடை எதையும் ஏற்றித் தராது. புகைச் சான்றிதழ் காட்டி இது சட்டப்படிதான் என்பார்கள். அந்தச் சான்றிதழ் அன்றைக்கு வந்த புகையை அளந்ததற்கு மட்டும்தான் சாட்சி. கம்பெனி வாரண்டியும் அதோடு போய்விடும் என்பது தனிக்கதை. சூப்பர்சார்ஜருக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அபராதம் எழுதலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கம்பெனியே அதே மாடலில் சூப்பர்சார்ஜரோ டர்போவோ வைத்து விற்கிறது என்றால், அந்த வண்டியையே வாங்குங்கள். உங்கள் வண்டிக்கு அந்த இன்ஜின் "அதே வகை" ஆகாது.

ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டும் வண்டி வேறு. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி டிராக்கிலோ ஓட்டுவதற்கென்றே கட்டிய வண்டியில் என்ன மாட்டலாம் என்பதைப் போட்டி விதிகள் சொல்லும். ஆனால் அதை அங்கே கொண்டுபோவதும் திரும்பக் கொண்டுவருவதும் லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான். டிராக் கேட்டைத் தாண்டி டீ குடிக்க நூறு மீட்டர் ஓட்டினாலும் அது பொதுச் சாலை.