ஏற்காட்டு விடுதியின் வைஃபைக்கு மூளை எங்கே இருக்கிறது?

ஏற்காட்டில் ஒரு பழைய கல் கட்டட விடுதி, அதில் பன்னிரண்டு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) என்று வைத்துக்கொள்வோம். கனத்த கல்சுவரைத் தாண்டினாலே சிக்னல் பாதியாகிவிடும், அதனால் ஒன்றிரண்டு போதாது. மாட்டுவது பெரிய வேலையில்லை. மாட்டிய பிறகு அத்தனையையும் யார் கட்டி மேய்ப்பது?

தனித்தனியாக அமைத்தால், பாஸ்வேர்டு மாற்றும்போதெல்லாம் பன்னிரண்டு பெட்டிக்குள்ளும் நுழைந்து மாற்ற வேண்டும். நான்கைந்துக்கு மேல் இது சரிப்படாது.

அதற்குத்தான் கண்ட்ரோலர், விடுதிக்குள் ஒரே இடத்திலிருந்து எல்லாப் பெட்டியையும் நடத்தும் கருவி. ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கேபிள் செருகியதும் மின்சாரமும் தரவும் அதிலேயே வரும். அது ஐபி முகவரி வாங்கி, கண்ட்ரோலரைத் தேடிப் பிடித்து, அமைப்புகளை இறக்கிக்கொள்ளும். இந்த உரையாடலுக்கு 2009இல் வந்த பொது நெறிமுறை கேப்வாப். கட்டளைகள் 5246ஆம் போர்ட்டிலும் (போர்ட் என்பது தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்) பயனர்களின் தரவு 5247ஆம் போர்ட்டிலும் போகும்.

எந்தப் பெட்டி எந்தச் சேனலில் பேசுவது என்பதையும் கண்ட்ரோலரே பிரித்துக் கொடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 1, 6, 11 என்ற மூன்றைத்தான் சுழற்ற முடியும். சிக்னலின் பலத்தையும் அதுவே குறைக்கும். குறைப்பதா என்று கேட்கலாம். வரவேற்பறையில் வீடியோ காலில் இருப்பவர் பேசிக்கொண்டே கடைசி அறைக்கு நடக்கிறார். எப்போது அடுத்த பெட்டிக்குத் தாவுவது என்று முடிவெடுப்பது அவருடைய போன்தான். பழைய சிக்னல் மங்கலாகவேனும் எட்டும்வரை பல போன்கள் அதை விடுவதில்லை, படம் உறைந்துவிடும். 802.11கே, 802.11வி தரநிலைகள் மூலம் "பக்கத்தில் நல்ல பெட்டி இருக்கிறது, போ" என்று யோசனை சொல்லலாம், கட்டாயப்படுத்த முடியாது. அதனால்தான் பலத்தைக் குறைப்பது, பழைய சிக்னல் வெகுதூரம் எட்டாவிட்டால் போன் சீக்கிரம் தாவும். எல்லாப் பெட்டியையும் முழு பலத்தில் அலறவிடுவதுதான் நம் ஊர்ப் பக்கம் அதிகம் நடக்கும் தவறு.

மூன்றாவது வழி, கண்ட்ரோலரை இணையத்தில் எங்கோ உள்ள சர்வரில், அதாவது கிளவுடில், வைப்பது. சேலத்தில் உட்கார்ந்தே மலைமேல் இருப்பதைச் சரிசெய்யலாம். ஆனால் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது போல நடந்து, கேபிளும் அறுந்தால்? பெரும்பாலான கிளவுட் அமைப்புகளில் மேலாண்மைச் செய்திகள்தான் வெளியே போகும். அமைப்புகள் பெட்டியிலேயே சேமித்திருக்கும். அதனால் இணையம் இல்லாவிட்டாலும் விடுதிக்குள் கேமராவும் பில் பிரின்டரும் ஓடும். எதையும் மாற்ற மட்டும் முடியாது. மாறாக, எல்லாத் தரவையும் தன் வழியே இழுக்கும் உள்ளூர் கண்ட்ரோலர் படுத்தால், துணைக்கு இன்னொன்று இல்லாத பட்சத்தில் மொத்த வைஃபையும் படுத்துவிடும்.

கிளவுடில் ஒன்றை மட்டும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: விருந்தினர் ஓடிபி போட்டு நுழையும் பக்கம் எங்கிருந்து வருகிறது? அதுவும் கிளவுடில் இருந்தால், கேபிள் அறுந்த நாளில் புதிதாக வருபவர் யாரும் உள்ளே நுழைய முடியாது.