சிறுநீரகம் கொடுத்தவருக்கும் ஒரு கிளினிக் கொப்பி வேண்டும்

கொழும்பிலோ கண்டியிலோ மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குத் திரும்பும் குடும்பங்களில், சிறுநீரகத்தைப் பெற்றவரிடம் மருந்தும் கிளினிக் கொப்பியும் அடுத்த திகதியும் இருக்கும். கொடுத்தவரிடம் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. அவர் பல வேளைகளில் நோயாளியின் தாயாகவோ மனைவியாகவோ இருப்பார். கூடவே வந்து வாங்கில் காத்திருக்கும் அவரிடம், "உங்கட பிரஷரை எப்ப கடைசியாப் பார்த்தீங்க அம்மா?" என்று கேட்டால், "எனக்கென்ன டொக்டர், நான் சுகமாத்தானே இருக்கிறன்" என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் சிறுநீரகம் வெகுவாகப் பழுதடையும் வரை உடலில் எந்த அறிகுறியும் தெரியாமலிருக்கலாம்.

ஒரு சிறுநீரகத்தை அகற்றியதும் வடிகட்டும் திறன் ஏறத்தாழப் பாதியாகிறது. எஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பருத்துக் கூடுதலாக உழைப்பதால், அத்திறன் முன்பிருந்ததில் 65 முதல் 70 சதவீதம் வரை மீள்கிறது. ஆகவே சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் முன்பைவிடச் சிறிது கூடி, அந்த அளவிலேயே நிலைத்து நிற்பது எதிர்பார்க்கப்படுவதுதான்.

பலர் குழம்புவது ஆய்வுகூடத் துண்டில்தான். ஒரு துண்டில் கிரியேட்டினின் 1.1 என்றும் இன்னொன்றில் 97 என்றும் கண்டு பதறி வருவோர் உண்டு. முன்னையது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், பின்னையது லீற்றருக்கு மைக்ரோமோல், 1.1ஐ 88.4ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றே என்பது விளங்கும். இந்தப் பதற்றத்தால் தீங்கில்லை. 1.1 'நோர்மல்' எல்லைக்குள் இருக்கிறது என்று துண்டை மடித்து வைத்துவிடுவதே எனக்குக் கவலை தருகிறது. 50 வயது ஆணுக்கு அந்த எண் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 மில்லிலீற்றர் என்ற வடிகட்டல் வீதத்தைக் குறிக்க, அதே வயதுப் பெண்ணுக்கு அது 60ஐ ஒட்டியே நிற்கும். எனவே துண்டில் அச்சிட்ட எல்லையோடு மட்டுமன்றி, உங்களுடைய பழைய துண்டுகளோடும் ஒப்பிட வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த துண்டுகளை அடையாள அட்டையைப் போலப் பத்திரப்படுத்துங்கள். மறுபக்கம், வீதம் 60க்குக் கீழே இருந்தாலும் அது வருடக்கணக்கில் நிலையாகவும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியாமலும், பிரஷர் ஒழுங்காகவும் இருந்தால், அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

சிறுநீரக நோய்களுக்கான கேடிகோ (KDIGO) என்ற சர்வதேச அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, கொடையாளர்கள் வருடத்துக்கு ஒரு முறையேனும் பிரஷர், உடல் நிறை, கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்கிறது. கடைசியாகச் சொன்னதே அதிகம் விடுபடுகிறது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் இருந்தால், பரிசோதனையைத் திரும்பச் செய்து காரணம் தேட வேண்டும். குடும்பத்தில் சீனி வருத்தம் இருந்தால் இரத்தச் சீனியையும் பார்ப்பது அவசியம்; சீனியால் பழுதான சிறுநீரகத்துக்காகத் தம்முடையதைக் கொடுத்த உடன்பிறப்புக்கும் அந்த வருத்தம் வரக்கூடும்.

ஆபத்தை மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி, வாழ்நாளில் சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் நிலைக்கு வருவோர் 10,000 கொடையாளரில் ஏறத்தாழ 90 பேர். அவர்களைப் போன்றே ஆரோக்கியமாக இருந்து, கொடை செய்யாதவர்களில் அது 14. சிறிய எண்தான், ஆனாலும் பூச்சியமல்ல.

படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கத்திலும் வயல் வேலை முடித்து இடுப்பு வலியோடு பாமசிக்குப் போகும் கொடையாளர், டைக்குளோபினாக், ஐபுபுரோபன் போன்ற குளிசைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. வெயிலில் நீர் வற்றிய உடலில் அவை இன்னும் கெடுதல் செய்யும். உரிய அளவில் பெனடோல் போதும். கொலஸ்ட்ரோலுக்கு நல்லதென்று பிலிம்பிச் சாறு குடிப்பதும் வேண்டாம். அதிலுள்ள ஒட்சலேற்று என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்து திடீர்ப் பழுதை உண்டாக்கியதுண்டு.

கொடைக்குப் பின் கருத்தரிக்கும் பெண்கள் முதற் பதிவிலேயே மருத்துவமாதுவிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். 2015இல் வெளியான கனடிய ஆய்வில், கர்ப்பகால உயர் குருதியமுக்கமோ முன்சூல்வலிப்போ (பிரஷர் கூடுவதோடு சிறுநீரகம் போன்ற உறுப்புகளும் பாதிக்கப்படும் கர்ப்பகால நோய்) கொடையாளரில் 11 சதவீதமாகவும் மற்றவர்களில் 5 சதவீதமாகவும் காணப்பட்டது. பெரும்பாலான கர்ப்பங்கள் நல்லபடியாகவே முடிகின்றன. பிரஷரையும் சிறுநீரையும் மட்டும் வழமையைவிட அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

வருடாந்தப் பரிசோதனைக்கெனத் தனியாக ஒரு நாளை ஒதுக்க முடியாதவர்கள், நோயாளியை அழைத்துவரும் கிளினிக் நாளிலேயே தமக்கும் ஒரு கொப்பி போட்டுத் தருமாறு கேட்கலாம்.