சென்சார் மாற்றியும் செக் இன்ஜின் லைட் அணையவில்லையா?

செக் இன்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனர் போட்டால் ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) கோடு, அதாவது பழுதுக் குறியீட்டு எண், வருகிறது, புதுசு போட்டாயிற்று. சில மாதத்தில் திரும்பவும் அதே லைட். இரண்டாவது சென்சாரும் போனால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள்.

முதலில் கோடு எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். பி0135 வந்தால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் சிக்கல். பி0141 பின்னால் இருப்பதன் ஹீட்டர். இந்த இரண்டுக்கும் முதல் வேலை ஃப்யூஸ் பார்ப்பது. அடுத்து கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்களில் மல்டிமீட்டர் வையுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது பெரும்பாலான சென்சார்களில் 3 முதல் 15 ஓம் வரும். ஓப்பன் (இணைப்பு அறுந்தது) என்று காட்டினால் ஹீட்டர் போய்விட்டது. ஓம் சரி என்றால், இன்ஜினை ஓடவிட்டு வண்டிப் பக்கக் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராத வண்டிக்கு எத்தனை சென்சார் போட்டாலும் காசுக்குத்தான் கேடு. மாந்தோப்பிலும் கொட்டகையிலும் நிற்கிற வண்டிகளில் எலி கடித்த வயர் சர்வசாதாரணம். அதை ஈயம் வைத்து ஒட்டாதீர்கள்: பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை வயர் இழைகளின் வழியாகத்தான் எடுக்கின்றன.

பி0171 வேறு கதை. கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் சொல்கிறது, பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. ஃப்யூயல் டிரிம், அதாவது இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, ஐடிலில் +20 சதவீதம் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் வேக்கம் ஹோஸ் அல்லது இன்டேக் கேஸ்கெட்டில் லீக். லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டையும் விடாதீர்கள். அங்கே சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும், சென்சார் ஏமாறும், இசியு தேவையில்லாமல் பெட்ரோல் ஊற்றும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் டப்டப் சத்தமும் கேஸ்கெட் ஓரத்துக் கரியும் இதற்கு அடையாளம்.

ஸ்கேனரில் லைவ் டேட்டா (வண்டி ஓடும்போதே மாறும் அளவுகள்) பார்க்கும்போது ஒன்று. பழைய வகை சென்சாரில் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஏர் ஃப்யூயல் சென்சார் என்ற புது வகை உள்ள வண்டிகளில் அப்படி ஆடாது, அதைப் பழுது என்று கழற்றிவிடக் கூடாது. தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் மலைச்சாலை இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இசியு பெட்ரோலை நிறுத்திவிடும், வோல்டேஜ் சுழியத்தை ஒட்டி நிற்கும். அது கோளாறு அல்ல.

கழற்றிய சென்சாரைத் தூக்கிப் போடுவதற்கு முன் முனையைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது. மை போன்ற கரி என்றால் பெட்ரோல் அதிகம்: இன்ஜெக்டர், பிளக் பார்க்க வேண்டும். பழுப்பும் சாம்பலுமாகக் கெட்டியாகப் படிந்திருந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. நீண்ட இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கில் வரும்போது மேனிஃபோல்டில் வேக்கம் கூடி, தேய்ந்த வால்வு சீல் வழியே ஆயில் இழுபடும். அடிவாரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் நீலப் புகை வந்தால் சந்தேகமே வேண்டாம். வெள்ளைப் படிவுக்கு இரண்டு காரணம். ஒன்று, கேஸ்கெட் வைக்கும்போது அள்ளிப் பூசிய சாதாரண சிலிக்கான். சென்சாருக்குக் கேடில்லாதது என்று டியூபில் போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். மற்றது, எரிஅறைக்குள் கசியும் கூலன்ட். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இருக்கிறது. உப்பு படிந்து, வண்டி சூடேறி, ஹெட் கேஸ்கெட் போகிறது. பிறகு அந்தக் கூலன்டே சென்சாரின் முனையை மூடுகிறது. கேஸ்கெட்டைச் சரிசெய்யாமல் சென்சார் மாற்றினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

புதுசு போடும்போது வயர் நுழைய வெட்டுள்ள 22 எம்எம் சாக்கெட், 35 முதல் 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம் பொதுவாகப் போதும். உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. மரை இறுகிப் பிடிக்காமலிருக்க கம்பெனியே பேஸ்ட் தடவியிருந்தால் மேலும் தடவ வேண்டாம், முனையில் படவே கூடாது.

ஸ்கேனரில் கோடு எண்ணை அழித்ததும் வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஒரே வேகத்தில் சற்று தூரம் ஓடினால்தான் இசியு தன் சோதனையை முடிக்கும். தர்மபுரியிலிருந்து காவேரிப்பட்டணம் வரை நாற்கரச் சாலையில் ஓட்டிவிட்டு, பெண்டிங் கோடு (லைட் எரியும் முன்பே பதிவாகும் பழுது எண்) இருக்கிறதா என்று ஸ்கேனரில் மறுபடி பாருங்கள்.