எதிர்வெளிச்சத்தில் நிறம் எங்கே போகிறது?

கபடி வீரர் ஒருவரைச் செம்மண் களத்தில், மாலைச் சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிறுத்திப் படமெடுத்தால் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நடக்கின்றன. தலைமுடியிலும் தோளிலும் பொன்னிறக் கோடு ஓடுகிறது, களத்துப் புழுதி ஒளிர்கிறது. அதே படத்தில் முகம் இருண்டுபோகிறது. சிவப்பு ஜெர்சியோ பலமுறை துவைத்துச் சாயம்போன துணி மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

முகம் ஏன் இருட்டாக இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நிறம் ஏன் போனது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. எடிட்டிங் செயலியைத் திறந்ததும் சாச்சுரேஷன் (நிற அழுத்தம்) ஸ்லைடரைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துவிடுகிறார்கள். நிறம் வருகிறது, சந்தேகமில்லை. கூடவே முகம் செங்கல் நிறத்துக்கு மாறுகிறது, நிழல் பகுதிகளில் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் கிளம்புகின்றன. இத்தகைய படத்தில் நிறத்தைக் கூட்டுவதற்கு முன்னால் கழிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

இவ்வளவு தொல்லை இருந்தும் படக்காரர்கள் வெயிலுக்கு எதிரே ஏன் நிற்கிறார்கள்? வீரர் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று புழுதி. புழுதித் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அந்த அளவுள்ள துகளில் படும் ஒளியில் பெரும்பகுதி, வந்த திசையிலிருந்து கொஞ்சம்தான் விலகி, முன்னோக்கியே சிதறும். சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கும்போது கண்ணுக்கே படாத புழுதி, சூரியன் எதிரே வந்ததும் பளிச்சென்று தெரிவது இதனால்தான். வியர்வைத் துளியும் முடியிழையும் மின்னுவதிலும் இதற்குப் பங்குண்டு.

சரி, முதலில் வெளிச்சக் கணக்கு. படம் எடுப்பவர்கள் ஒளியை ஸ்டாப் கணக்கில் பேசுவார்கள். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு, ஐந்து ஸ்டாப் என்றால் 32 மடங்கு. சூரியனை ஒட்டிய வானத்துக்கும் நிழலில் இருக்கும் முகத்துக்கும் ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம். நம் கண் வானத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் முகத்தைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை, ஒரே அளவில்தான் எல்லாவற்றையும் பதிவு செய்யும். முகத்துக்கு அளந்தால் வானம் ஓவராகி வெறும் வெள்ளையாகிவிடும், அதைப் பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. எனவே வானத்தைக் காப்பாற்றி, முகத்தை இருட்டில் விட்டு, பிற்பாடு தூக்கிக்கொள்வதுதான் வழக்கம்.

அப்படித் தூக்குவதற்கு ரா ஃபைல், அதாவது கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு, வேண்டும். 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள். சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுவதால் அவற்றில் பாதி, அதாவது 8,192 படிகள், உச்சத்தில் இருக்கும் ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போய்விடும். அடுத்ததற்கு 4,096. இப்படியே பாதி பாதியாகக் குறைந்து, உச்சத்திலிருந்து ஐந்து ஸ்டாப்புக்குக் கீழே இருக்கும் முகத்துக்கு வந்து சேர்வது 256 படிகள். குறைவுதான், ஆனாலும் போதும். ஜேபெக் படத்திலோ மொத்தமே 256 படிகள்தான், அதே ஸ்டாப்புக்கு அதில் கிடைப்பது இருபதுக்கும் கீழே. அதைத் தூக்கினால் கன்னத்தில் மென்மையாக மாற வேண்டிய நிழல் பட்டை பட்டையாக உடைகிறது.

இனி நிறம். லென்ஸில் பல கண்ணாடிகள் இருக்கின்றன. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 1935இல் ஜெய்ஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா காப்புரிமை பெற்ற எதிரொளி தடுப்புப் பூச்சும் அதன் வழிவந்தவையும் இதை ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. ஆனால் எதிரே இருப்பது சூரியன். அந்த ஒளியில் துளியளவு லென்ஸுக்குள் அங்குமிங்கும் மோதித் திரிந்தாலும் போதும், படம் முழுவதன்மேலும் மெல்லிய ஒளித்திரை விழுந்துவிடும். செல்போன் லென்ஸில் விரல் ரேகை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தத் திரை நிறத்தை என்ன செய்கிறது என்பதை எண்களில் பார்த்தால் எளிதாகப் புரியும். நிழலில் இருக்கும் சிவப்பு ஜெர்சியின் ஒரு புள்ளியில் சிவப்பு 40, பச்சை 8, நீலம் 8 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மற்றவற்றைவிட ஐந்து மடங்கு, நல்ல அழுத்தமான நிறம். இதன்மேல் திரை ஒவ்வொன்றுக்கும் 30 கூட்டுகிறது. இப்போது 70, 38, 38. ஐந்து மடங்காக இருந்தது இரண்டு மடங்குகூட இல்லை. இந்த நிலையில் எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சத்தை) இரண்டு ஸ்டாப் ஏற்றினால் எல்லாம் நான்கால் பெருகி 280, 152, 152 ஆகும். வெளிச்சம் வந்துவிட்டது, விகிதம் மாறவில்லை. ஜெர்சி வெளிறிய ரோஸ் நிறத்தில் நிற்கும். எக்ஸ்போஷரைத் தூக்கிய பிறகும் படம் ஏன் சோகையாக இருக்கிறது என்று குழம்புபவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. முதலில் 30ஐக் கழித்துவிட்டு நான்கால் பெருக்கிப் பாருங்கள். 160, 32, 32. சாச்சுரேஷனைத் தொடாமலே பழைய சிவப்பு திரும்பிவிட்டது.

எவ்வளவு கழிப்பது? படத்தில் கறுப்பாக இருந்தே ஆகவேண்டிய ஒன்றைத் தேடுங்கள். கறுப்பு ஷார்ட்ஸின் மடிப்பு, நிழலில் இருக்கும் தலைமுடி. அது சாம்பல் நிறத்தில் தெரிந்தால், இருட்டு முதல் வெளிச்சம் வரை எத்தனை புள்ளிகள் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் இடது ஓரம் காலியாகக் கிடந்தால், அந்தக் காலி இடம்தான் திரையின் அளவு. பிளாக்ஸ் (கறுப்பு) ஸ்லைடரை இறக்கியோ கர்வ்ஸ் என்ற வளைகோட்டின் கீழ்முனையை வலப்பக்கம் நகர்த்தியோ அதை அடைக்கலாம். மாலை நேரத்தில் திரையே மஞ்சளாக இருக்கும். சிவப்பில் அதிகமாகவும் நீலத்தில் குறைவாகவும் படிந்திருக்கும். ஆகவே கர்வ்ஸில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகச் சரிசெய்தால்தான் கறுப்பு உண்மையான கறுப்பாகும்.

மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடர் செய்வதும் ஏறக்குறைய இதே கழித்தல்தான், இடத்துக்கு இடம் அளவை மாற்றிக் கழிக்கிறது. 2009இல் கைமிங் ஹே உள்ளிட்ட மூவர் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர்பெற்றது. மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில், வானத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் மூன்று நிறங்களில் ஏதாவது ஒன்று எங்காவது சுழியத்தை ஒட்டியே இருக்கும் என்று அவர்கள் கவனித்தார்கள். அப்படி இல்லையென்றால் மிச்சமிருப்பது மூட்டம். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. டீஹேஸுக்கு லென்ஸுக்குள் திரிந்த ஒளியும் களத்தில் ஒளிரும் புழுதியும் ஒன்றுதான். படம் முழுக்க அதைப் போட்டால், எதற்காக வெயிலுக்கு எதிரே நின்றோமோ அந்தப் புழுதியே மங்கிவிடும். வீரரின் மேல் மட்டும் மாஸ்க் (மாற்றம் செய்யும் இடத்தை வரையறுக்கும் தேர்வு) போட்டு அங்கே மட்டும் இழுப்பது உத்தமம்.

கழித்தல் இலவசமாக வருவதில்லை. ஒளி துகள் துகளாக வருவதால், சராசரி N துகள்கள் வரவேண்டிய இடத்தில் ஏற்ற இறக்கம் N-இன் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். மேலே சொன்ன எண்களை அப்படியே துகள்களாக எடுத்துக்கொண்டால், 8க்கு இந்த ஏற்ற இறக்கம், அதாவது இரைச்சல், 2.8. திரையோடு சேர்ந்து 38 ஆகும்போது 6.2. நாம் கழிப்பது 30ஐ மட்டும்தான். அதோடு வந்த இரைச்சல் அங்கேயே தங்கிவிடுகிறது, பிறகு நான்கால் பெருகவும் செய்கிறது. அதனால்தான் பெரிய கம்ப்யூட்டரைவிட லென்ஸின் முன்னால் மாட்டி வெயிலை மறைக்கும் ஒரு சாதாரண லென்ஸ் ஹூட் இங்கே அதிகம் உதவுகிறது என்பேன். ஹூட் இல்லையென்றால் லென்ஸின்மேல் வெயில் படாதபடி கையை நீட்டினாலும் போதும். தெர்மாகோல் அட்டையைப் பிடித்து முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் திருப்பிவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்து ஒளியின் நிறம். வீரரின் முகத்துக்கு நேரடி வெயில் வருவதில்லை, அதன்மேல் படுவது வானத்தின் நீல வெளிச்சம், 7,000 கெல்வினுக்கும் மேலே (ஒளியின் நிறத்தைச் சொல்லும் இந்த எண் கூடக்கூட நீலம், குறையக்குறையச் சிவப்பு). பின்னால் இருக்கும் தாழ்ந்த சூரியனோ 3,500 கெல்வின் அளவில். போதாக்குறைக்குச் செம்மண் தரை கீழிருந்து சிவப்பை வீசி, தாடைக்கும் கழுத்துக்கும் காவி பூசுகிறது. ஒரே முகத்தில் நெற்றி நீலம், தாடை சிவப்பு. படம் முழுக்க ஒரே வைட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) வைத்து இதைத் தீர்க்க முடியாது. பின்னணியை வெயிலின் பொன்னிறத்தோடு விட்டுவிட்டு, முகத்தின் மாஸ்க்கில் மட்டும் டெம்பரேச்சரைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்தினால் தோல் உயிர்பெறும். முழுவதுமாக நீலத்தை எடுத்துவிடாதீர்கள். நிழலில் கொஞ்சம் குளிர்ச்சி இருந்தால்தான் பொன் கோடு பொன்னாகத் தெரியும்.

மாஸ்க் விஷயத்தில் ஒன்றே ஒன்று. செயலி தானாக வீரரைத் தேர்ந்தெடுக்கும்போது முடியோரத்துப் பொன் கோட்டையும் சேர்த்தே பிடிக்கும். முகத்தை ஒன்றரை ஸ்டாப் தூக்கினால் அந்தக் கோடும் சேர்ந்து எகிறி வெள்ளை நூலாகிவிடும். மாஸ்க்கிலிருந்து பிரகாசமான பகுதிகளைக் கழித்துவிட வேண்டும், பெரும்பாலான செயலிகளில் அதற்கு வழி உண்டு.

முகத்தை எவ்வளவு தூக்குவது என்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கேமராக்களின் ஒளி அளவீடு 18 சதவீதம் ஒளியைத் திருப்பும் சாம்பல் நிறத்தை நடுவாக வைத்துப் பழகியது. வெயிலில் விளையாடும் கறுத்த வீரரின் தோல் அதைவிடக் குறைவாகவே திருப்பும். ஆட்டோவை அழுத்தி முகத்தை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். போட்டி விளம்பர ஃப்ளெக்ஸ் பேனர்களில் அணி முழுவதும் மாவு பூசினாற்போல் நிற்பதைப் பார்க்காதவர் யார்? கறுத்த தோலின் வடிவத்தை நமக்குக் காட்டுவது நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வியர்வை தரும் மினுக்கம். முகம் முழுவதையும் ஏற்றாமல் கொஞ்சமாகத் தூக்கி, அந்த மினுக்கத்தை மட்டும் இன்னும் சற்று உயர்த்தினால் முகம் கறுப்பாகவே இருந்துகொண்டு ஒளிரும்.

இவ்வளவும் முடிந்த பிறகு படத்தைப் பாருங்கள். நிறம் பெருமளவு வந்திருக்கும். வெளிச்சம் கூடினாலே நிறமும் கூடியதாகக் கண்ணுக்குத் தோன்றும் என்று 1952இல் ஆர். டபிள்யூ. ஜி. ஹன்ட் காட்டினார். நிழலைத் தூக்கியதிலேயே அந்த லாபம் கிடைத்துவிடுகிறது. இன்னும் வேண்டுமென்றால் வைப்ரன்ஸுக்குப் போகலாம். சாச்சுரேஷன் எல்லா நிறங்களையும் ஒரே விகிதத்தில் ஏற்றும். வைப்ரன்ஸ் மங்கலான நிறங்களை அதிகமாகவும், ஏற்கெனவே அழுத்தமாக இருப்பவற்றைக் குறைவாகவும் ஏற்றும். தோலின் ஆரஞ்சு வட்டாரத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். அடோபி 2006இல் வாங்கிய பிக்ஸ்மான்டெக் நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து அடோபியின் லைட்ரூம் எடிட்டிங் செயலிக்கு வந்த வசதி இது. நீல ஜெர்சிக்கும் வானத்துக்கும் இது அற்புதமாக வேலை செய்யும். சிவப்பு ஜெர்சிக்கு அவ்வளவு உதவாது, ஏனென்றால் சிவப்பு தோலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கலர் மிக்ஸரில் சிவப்பை மட்டும் தனியாக எடுத்து ஏற்ற வேண்டும், ஆரஞ்சைத் தொடக்கூடாது.

படம் பேனராகப் போகிறதென்றால் கம்ப்யூட்டர் திரையில் மின்னும் நீலத்தை நம்ப வேண்டாம். திரை ஒளியால் காட்டும் நிறங்கள் எல்லாவற்றையும் நான்கு மைகளால் அச்சிட முடியாது. முதலில் அடிபடுவது அழுத்தமான நீலம்தான், அது ஊதாப் பக்கம் சாய்ந்து மங்கும். அச்சில் நிறம் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் சாஃப்ட் ப்ரூஃப் போட்டுப் பார்த்து, வைப்ரன்ஸை அங்கேயே குறைத்துக் கொடுத்தால் அச்சகத்தில் சண்டை போட வேண்டியிருக்காது.